கவிதாவா, சவிதாவா? மேடைக்காரர்களின் காதுகளைப் பற்றிக் கொஞ்சம்

போன ஆண்டு என் அறைக்கு ஒரு டிரம்மர் வந்தார். முப்பது வயது ஆகவில்லை. நால்வர் சேர்ந்து நடத்தும் சுயாதீன இசைக்குழு. சொந்தப் பாட்டு மட்டும்தான் வாசிக்கிறார்கள். பின்னால் இசை நிறுவனமும் இல்லை, மேலாளரும் இல்லை. காதில் வலி உண்டா, சீழ் வருகிறதா, தலைசுற்றல் உண்டா என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டியவர், கடைசியில் சொன்னார்: "ஒரு பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன், மேடம்."

கோயம்புத்தூரில் நிகழ்ச்சி முடிந்து, டி-ஷர்ட்டும் ஸ்டிக்கரும் விற்கும் மேசைக்குப் பின்னால் நின்றிருக்கிறார். கல்லூரிப் பெண் ஒருத்தி போஸ்டரை நீட்டிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறாள். பெயர் என்ன என்று கேட்டார். சொன்னாள். காதில் விழவில்லை. மறுபடி கேட்டார். மூன்றாம் முறை கேட்க வெட்கமாக இருந்ததால் சிரித்துக்கொண்டே "அன்புள்ள கவிதாவுக்கு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவள் போஸ்டரைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் சுருட்டிக்கொண்டு போனாள். இரவு பஸ்ஸில் கிட்டார்காரர்தான் சொல்லியிருக்கிறார்: "அந்தப் பொண்ணு சவிதா என்று இரண்டு தடவை கத்தினாளே!"

"இருபது பேர் மேசைக்கு வந்தாலே பெரிது, மேடம். அதில் ஒருத்தியைத் தொலைத்துவிட்டேன்" என்றார்.

(பெயர்களையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். எழுதிக்கொள்ள அவர் சம்மதித்தார். இன்னொன்று: நான் ஆடியாலஜிஸ்ட். காதை அளப்பவள், மருந்து எழுதுபவள் அல்ல.)

ஒலி புகாத அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னேன். தாழ்ந்த சுருதியான 250 ஹெர்ட்ஸில் தொடங்கி, மேலே ஏறி, 2000 வரை விரல் பட்பட்டென்று அழுத்தியது. 4000-க்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. ஒலியைக் கூட்டிக்கொண்டே போனேன். இடது காதில் 45 டெசிபல் வந்தபிறகுதான் பொத்தான் அமுங்கியது. 8000-இல் மறுபடி ஓரளவு சரி. வரைபடத்தில் இடது காதின் கோடு 4000-இல் மட்டும் கிணற்றில் இறங்கி ஏறியதுபோல் இருந்தது. இந்தப் பள்ளத்தைப் பார்த்தாலே, பெரும்பாலும் சத்தம்தான் காரணம் என்று என் தொழிலில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். இடது காதில் ஏன் அதிகம் என்பதற்கும் விடை கையிலேயே இருந்தது: வலக்கைப் பழக்கமுள்ள டிரம்மருக்கு ஹை-ஹாட் சிம்பல், அதாவது காலால் மிதித்து மூடும் ஜோடித் தட்டு, இடப்பக்கம் இருக்கும்.

அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "எல்லாம் நன்றாகத்தானே கேட்கிறது?" கேட்கிறதுதான். பேச்சில் உயிரொலிகளின் பலம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. அவை அவருக்குச் சுத்தமாக விழுகின்றன. சவிதாவின் முதல் எழுத்தில் வரும் சீறல் ஒலியோ மிக உயரத்தில், அவருடைய பள்ளத்தை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. ஆக அவர் காதுக்குப் போனது "...விதா" மட்டும். மிச்சத்தை மூளை தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டது. கட்டு, தட்டு, பட்டு மூன்றும் ஒன்றுபோல் கேட்கத் தொடங்குவதும் இப்படித்தான். அமைதியான வீட்டில் சமாளித்துவிடலாம். கூட்டத்துக்கு நடுவில்தான் குட்டு வெளிப்படும். "சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை" என்று ஒருவர் சொன்னால் அவரை நான் உடனே அறைக்குள் அழைத்துப் போய்விடுவேன்.

ஒலியை வாங்கி நரம்புக்குக் கொடுக்க ஒரு காதில் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள்தான் இருக்கின்றன. செத்தால் திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்கும், நமக்கு முளைக்காது. என்ன நியாயமோ!

அடுத்த முறை வரும்போது ஒரு நிகழ்ச்சி நாளை அளந்துகொண்டு வாருங்கள் என்று அவரை அனுப்பினேன். அமெரிக்காவின் பணியிடச் சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷ் ஐபோனுக்கு ஓர் இலவச ஒலிமானிச் செயலி தந்திருக்கிறது. கைபேசி அளவீடு முழுத் துல்லியம் இல்லைதான், ஆனால் கண் திறக்க அது போதும். அதே நிறுவனம் வகுத்த கணக்கு இது: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி நேரம். 100-இல் கால் மணி நேரம். 103-இல் ஏழரை நிமிடம், அவ்வளவுதான்.

அவர் கொண்டுவந்த காகிதத்தில் இருந்தவை: சவுண்ட் செக் (நிகழ்ச்சிக்கு முன் கருவிகளை வாசித்து ஒலியைச் சரிபார்ப்பது) 45 நிமிடம், சராசரி 97. மேடை 40 நிமிடம், சராசரி 103. மேசை ஒரு மணி நேரம், மறுபடி 97. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பதை ஒரு நாள் பங்கு என்று வைத்துக்கொண்டால் சவுண்ட் செக்கிலேயே ஒன்றரை நாள் பங்கு தீர்ந்துவிட்டது. மேடையில் ஐந்து நாளுக்கும் மேல். எனக்கு அதிர்ச்சி தந்தது மூன்றாவது வரி. டி-ஷர்ட் மேசைக்கு மட்டும் இரண்டு நாள் பங்கு! நிகழ்ச்சி முடிந்தபிறகு அங்கே ஏன் அவ்வளவு சத்தம் என்று கேட்டேன். குழு இறங்கியதும் டிஜே ஏறிவிடுவாராம். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில்தான் மேசை போட இடம் தருவார்களாம், வேறு எவரும் உட்கார விரும்பாத மூலை அது என்பதால்.

ஒரே மாலையில் ஏறக்குறைய ஒன்பது நாள் பங்கு. "அப்படியானால் அடுத்த எட்டு நாள் சும்மா இருந்தால் சரியாகிவிடுமா?" என்றார். வங்கிக் கணக்கு மாதிரி அது நேராகாது. ஓய்வு நல்லதுதான், ஆனால் போன செல் போனதுதான். பஸ்ஸிலும் ஓய்வு இல்லை. சென்னை, பெங்களூரு, கொச்சி என்று வார இறுதிகளில் ஓடுகிறவர்கள் எஞ்சின் சத்தத்தை அமுக்க இயர்போனில் ஒலியைக் கூட்டிக்கொண்டு, அன்றைக்குப் பதிவுசெய்ததைக் கேட்டபடியே தூங்கிப்போகிறார்கள்.

மேசைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. "மேடையைப் பார்த்துக் கைதட்டியவர் வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவார், மேடம். மேசைக்கு வந்து பேசியவர்தான் அடுத்த தடவை நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். முதல் முறை அந்த ஊரில் எங்களுக்கு முப்பது பேர். அதில் பாதி பேர் வேறு குழுவைப் பார்க்க வந்தவர்கள்." அன்றைய வரும்படியையும் சொன்னார்: நுழைவுக் கட்டணத்தில் கிடைத்த பங்கு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போயிற்று, கையில் நின்றது டி-ஷர்ட் பணம். நான் வாயை மூடிக்கொண்டேன். பிழைப்பையே விடச் சொல்லும் அறிவுரையை யார் கேட்பார்கள்?

ஆகவே மேசையை நகர்த்தினோம். வாசலுக்கு, டிக்கெட் கிழிக்கும் இடத்துக்குப் பக்கத்தில். அரங்கக்காரரிடம் அதை முன்கூட்டியே, தொகை பேசும்போதே கேட்டுவிட வேண்டும். வந்து இறங்கியபிறகு கேட்டால் நடக்காது. அடுத்த நிகழ்ச்சியில் அங்கே அளந்ததில் 84 என்று குறுஞ்செய்தி அனுப்பினார். கூடவே, போகிறவர்கள் எல்லோரும் மேசையைக் கடந்துதான் போக வேண்டியிருந்ததால் விற்பனையும் கூடியதாம். அதற்கு நான் பொறுப்பல்ல.

சிம்பொனி இசைக்குழுவில் சம்பளத்துக்கு வாசிப்பவருக்கு நியாயம் கேட்க ஓர் இடம் உண்டு. லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் வியோலா வாசித்த கிறிஸ்டோபர் கோல்ட்ஷைடர், 2012-இல் ஓர் ஒத்திகையின்போது பின்னால் இருந்த பித்தளைக் கருவிகளின் சத்தத்தால் காது கெட்டதாக வழக்குத் தொடுத்தார். 2018-இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் அது நின்றது. சுயாதீனக் குழு யார்மேல் வழக்குப் போடும்? முதலாளியும் அவர்களே, தொழிலாளியும் அவர்களே. நம் நாட்டு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் பெரிதும் பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்தைக் காப்பவை. உள்ளே நிற்பவரின் காதை அந்த விதிகளில் தேடிப் பயனில்லை.

முதலில் விழித்துக்கொண்டவர்களில் சிறிய குழுக்காரர் ஒருவர் உண்டு என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. சான் பிரான்சிஸ்கோவில் மூன்று பெண்கள் நடத்திய 'தி கான்ட்ராக்‌ஷன்ஸ்' குழுவின் பேஸ் கிட்டார்காரர் கேத்தி பெக். 1984-இல் பெரிய அரங்கு ஒன்றில், புகழ்பெற்ற குழுவுக்கு முன்னால் வாசிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. எந்தச் சிறிய குழுவும் கனவு காண்கிற இரவு. அதற்குப் பின் நாள்கணக்கில் காதில் மணியடித்தது. கேட்கும் திறனும் குறைந்துபோயிற்று. 1988-இல் அவர் தொடங்கிய 'ஹியர்' என்ற அமைப்பு, இசைக்கலைஞர்களிடம் காதடைப்பான்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

காதடைப்பான் என்றதும் வரும் முதல் எதிர்ப்பு: "மந்தமாகக் கேட்கும், வாசிக்க வராது." மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபோம் உருளையைப் பற்றி அது உண்மை. அது உயர்ந்த ஒலிகளை அதிகமாக வெட்டிவிடும். இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்த அடைப்பான்கள் வேறு. எல்லா அதிர்வெண்ணையும் ஏறக்குறைய ஒரே அளவு இறக்கும். பாட்டு மாறாது, அடுத்த அறையில் நடப்பதுபோல் தணியும். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் வகை, ஒரு நல்ல ஜோடி ஹை-ஹாட்டின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பாடகர்களுக்கு மட்டும் ஒரு தொந்தரவு: தன் குரல் தலைக்குள்ளேயே குடத்தில் பேசுவதுபோல் முழங்கும். காதின் அச்செடுத்து ஆழமாகச் செய்தால் இது குறையும். முதல் நாளே மேடையில் மாட்டாதீர்கள். இரண்டு மூன்று ஒத்திகைகளில் பழகுங்கள்.

கையில் ஃபோம்தான் இருக்கிறதா? அதுவே போதும், ஒழுங்காகப் போட்டால். நான் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் ஊறுகாய் ஜாடிக்குத் துணி மூடுவதுபோல் வாசலில் வைத்துவிடுகிறார்கள். விரல்களுக்கிடையில் உருட்டி, தீக்குச்சியைவிடச் சற்றுத் தடிமனாக இறுக்குங்கள். எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுங்கள். உள்ளே நுழைத்து, விரிந்து முடியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். கண்ணாடியில் நேராகப் பார்க்கும்போது அது துருத்திக்கொண்டு தெரிந்தால் உள்ளே போகவில்லை என்று பொருள்.

ஒத்திகை அறையின் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டுகிறவர்களுக்கு: அது எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் நான்கு பேர் வாராவாரம் மூன்று மணி நேரம் வாசித்தால், மேடையைவிட அந்த அறைதான் அதிகம் தின்னும். ஆம்ப்ளிஃபையரைத் தரையில் வைத்து முழங்காலுக்கு வாசிக்காமல், நாற்காலியில் ஏற்றிக் காதுக்கு நேராகத் திருப்புங்கள். பாதி ஒலியில் கேட்டுவிடும். மேடையில் தங்கள் வாசிப்பைத் தாங்களே கேட்கக் காதுக்குள் மாட்டும் மானிட்டர் வைத்திருப்பவர்கள், கூட்டத்தின் கூச்சல் கேட்க வேண்டும் என்று ஒரு பக்கத்தைக் கழற்றிவிடுகிறார்கள். அப்போது மறு காதில் ஒலியைக் கூட்டத்தான் தோன்றும். திறந்த காதுக்கும் காவல் இல்லை, மூடிய காதுக்கும் இரட்டை அடி.

சத்தம் கூடினால்தான் ரசிகர் கூடுவார் என்பது பழைய நம்பிக்கை. 1976-இல் லண்டனின் சார்ல்டன் மைதானத்தில் 'தி ஹூ' என்ற பிரிட்டிஷ் ராக் குழு 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபல் காட்டியதைக் கின்னஸ் புத்தகம் சாதனையாகவே பதிந்தது. பிறகு, காதைக் கெடுப்பதற்குப் போட்டி எதற்கு என்று அந்தப் பிரிவையே கைவிட்டது. அக்குழுவின் கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்ட் தன் காது இரைச்சலைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார். பழியை அவர் பெரிதும் போடுவது ஒலிப்பதிவுக்கூட ஹெட்போன்மேல். முன்வரிசையில் நிற்கும் ரசிகருக்கும் இதே காதுதான். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் அரங்குகளுக்கென்று வெளியிட்ட நெறிமுறை, கால் மணி நேரச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. காதடைப்பான் கிடைக்க வேண்டும், அமைதியான ஓர் ஒதுக்கிடம் வேண்டும் என்றும் சொல்கிறது. என் டிரம்மர் இப்போது ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஃபோம் அடைப்பான் பொட்டலங்களையும் குழுவின் சின்னம் அச்சடித்து வைத்திருக்கிறார். டி-ஷர்ட்டைவிட வேகமாகப் போகிறதாம்.

நிகழ்ச்சிக்குப் பிறகு காது அடைத்ததுபோல் இருந்து, மறுநாள் சரியானால் "தப்பித்தோம்" என்று நினைக்காதீர்கள். 2009-இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் குஜாவா, லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டது: கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பியபிறகும், செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகள் ஏராளமாக அழிந்துபோயிருந்தன. காதுக்குள் இரைச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் பரிசோதனைக்கு வாருங்கள். தூங்கி எழும்போது ஒரு காது திடீரென்று கேட்கவில்லை என்றால் என்னிடம் வர வேண்டாம். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஓடுங்கள். ஊர் திரும்பியதும் பார்த்துக்கொள்ளலாம் என்று பயணத்தை முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு, சிகிச்சை பலன் தரும் நாள்கள் கைநழுவிப் போயிருக்கும்.

சென்ற மாதம் ஆண்டுப் பரிசோதனைக்கு வந்தார். இடது காது 4000-இல் அதே 45, பள்ளம் இறங்கவில்லை. பாடகர் இன்னும் அடைப்பான் மாட்ட மறுக்கிறாராம். மேசையில் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. வருகிறவர்களையே பெயரும் ஊரும் எழுதச் சொல்கிறார்கள், அடுத்த முறை அந்த ஊருக்குப் போகும்போது அதைப் பார்த்துத் தகவல் அனுப்புகிறார்கள். கோயம்புத்தூருக்கு மட்டும் நான்கு பக்கம். சவிதா மறுபடி வந்தாளா என்று கேட்டேன்.

"தெரியவில்லை, மேடம். இரண்டு சவிதா எழுதியிருக்கிறார்கள்."