நாலு மணிக்குச் செயலி ஏன் பேசாமல் இருக்கிறது?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிறதாம். மருத்துவர் சொல்லி ஓர் ஆய்வில் சேர்ந்து, போனில் அதற்கான செயலியை வைத்திருக்கிறார். அவருக்கு இரண்டு புகார்கள். தினமும் ராத்திரி அதே கேள்வி வருகிறது: "இன்று எவ்வளவு களைப்பு? 0 முதல் 10 வரை." அது போகட்டும் என்றால், சில நாள் சாயங்காலம் நாலு மணிக்கு "எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமே" என்று மெசேஜ் வருகிறது, சில நாள் வருவதே இல்லை. "மூன்று தடவை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்துவிட்டேன். ஏதோ கோளாறு. இதை வைத்துக்கொண்டு என்ன ஆராய்ச்சி செய்வார்கள்?" என்று கேட்கிறார்.

கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த மௌனம் வேண்டுமென்றே வைக்கப்பட்டதாகத்தான் இருக்கும். அதற்கு வருகிறேன். முதலில் ராத்திரிக் கேள்வி.

நம் ஞாபகம் நல்ல கணக்குப்பிள்ளை இல்லை. 1996இல் மருத்துவர் டொனால்ட் ரெடல்மையர், உளவியலாளர் டேனியல் கானெமன் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையின்போது, ஒவ்வொரு நிமிடமும் எவ்வளவு வலி என்று நோயாளிகளிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு, மொத்தத்தில் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். அந்தப் பதில், வலி உச்சத்தில் இருந்த கணத்தையும் கடைசிச் சில நிமிடங்களையும் ஒட்டியே இருந்தது. பரிசோதனை எவ்வளவு நேரம் நீண்டது என்பது ஏறக்குறையக் கணக்கிலேயே வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் மருத்துவர் "எப்படி இருந்தீர்கள்?" என்று கேட்டால், போன வாரக் கதைதான் வாயில் வரும். தினமும் கேட்பது அதனால்தான்.

இது வெறும் புள்ளிவிவரப் பித்து இல்லை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஈத்தன் பாஷ் குழுவினர் 2007இல் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். செயலி என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலம். பரவிய புற்றுநோய் உள்ள 766 பேரில் ஒரு பகுதியினர் வாந்தி, வலி, மூச்சுத்திணறல் போன்ற 12 தொந்தரவுகளைக் கணினியில் தாங்களே பதிந்தார்கள். ஏதாவது ஒன்று மோசமானால் நர்ஸுக்கு மின்னஞ்சல் போகும். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2017இல் முடிவு வந்தது. பதிந்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் இதைத் தாண்டி வாழ்ந்தார்கள்) 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26. புதிய மருந்து எதுவும் கொடுக்கவில்லை. கேள்வி கேட்டார்கள், பதிலை ஒருவர் படித்தார், படித்தவர் போனை எடுத்தார். அவ்வளவுதான்.

சரி, நாலு மணி மெசேஜுக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

நடந்தால் நல்லது என்பதில் இப்போது பெரிய சண்டை இல்லை. குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை வைத்து நடந்த சேலஞ்ச் என்ற சோதனையின் முடிவு 2025இல் வெளியானது. மூன்று வருடம் பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி செய்தவர்களில் எட்டாம் ஆண்டில் 90.3 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஆலோசனைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் 83.2 சதவீதம். ஆனால் ஆளுக்கொரு பயிற்சியாளருக்கு எங்கே போவது? அந்த வேலையில் ஒரு சிறு பங்கையாவது போன் செய்யுமா என்று பார்க்கத்தான் இந்த மெசேஜ்கள்.

மெசேஜ் வருகிறது, நீங்கள் நடக்கிறீர்கள். மெசேஜால்தான் நடந்தீர்கள் என்று எப்படிச் சொல்வது? கோழி கூவுகிறது, பொழுது விடிகிறது. தினமும் கூவுகிற கோழியை வைத்து, அது கூவித்தான் விடிந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கோழி வாயை மூடிக்கொண்டிருக்கும் சில நாட்கள் வேண்டும். அந்த நாட்களை யார் பொறுக்குவது? ஆராய்ச்சியாளரே பொறுக்கினால் தன்னை அறியாமல் மழை நாளாகப் பார்த்துப் பொறுக்கிவிடுவார். உங்களிடம் விட்டாலோ, களைப்பான நாளில் மெசேஜை அணைத்துவிடுவீர்கள். இரண்டிலும் கணக்கு கெட்டுப்போகும்.

அதனால் செயலி காசைச் சுண்டிப் போடுகிறது. தலை விழுந்தால் மெசேஜ், பூ விழுந்தால் மௌனம். ஒவ்வொரு முறையும் புதிதாக.

காசுக்கு எதுவும் தெரியாது. நேற்று நீங்கள் தூங்கவில்லை என்பது தெரியாது, வெளியே வெயில் கொளுத்துவது தெரியாது, நாளைக்கு ஸ்கேன் என்ற கலக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பது தெரியாது. அந்த அறியாமைதான் அதன் முழு பலம். தூக்கமில்லாத நாட்களும் வெயில் நாட்களும் ஸ்கேனுக்கு முந்தைய நாட்களும் காலப்போக்கில் இரண்டு பக்கமும் தானாகவே சரிசமமாகப் போய்ச் சேர்ந்துவிடும். நாம் பட்டியல் போட மறந்த காரணங்களும் சேர்த்துத்தான்! கடைசியில் இரு பக்கத்துக்கும் மிஞ்சும் ஒரே வித்தியாசம் மெசேஜ்.

வழக்கமான மருந்துச் சோதனையில் ஓர் ஆளுக்கு ஒரே ஒரு தடவைதான் காசைச் சுண்டுவார்கள். ஒரு குழுவில் விழுந்தால் கடைசிவரை அங்கேதான். இதில் ஒரே ஆளுக்கு நூற்றுக்கணக்கான தடவை. 2015 வாக்கில் சூசன் மர்ஃபி, பிரெட்ராக் கிளாஸ்னியா முதலான ஆராய்ச்சியாளர்கள் இதை முறைப்படுத்தி, மைக்ரோ ரேண்டமைஸ்டு ட்ரயல் (குட்டிக் குட்டிக் குலுக்கல் சோதனை) என்று பெயர் வைத்தார்கள். நடக்கத் தூண்டும் செயலியை வைத்து அவர்கள் நடத்திய ஹார்ட்ஸ்டெப்ஸ் சோதனையில் ஒரு நாளைக்கு ஐந்து முறை, 42 நாள். ஆளுக்கு 210 தடவை. நாற்பது பேருக்குக் குறைவானவர்களிடமிருந்தே ஒப்பிட்டுப் பார்க்க ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தருணங்கள். (அதில் காசு கொஞ்சம் ஒருபக்கம் கனமானது. மெசேஜ் போக 60 சதவீத வாய்ப்பு.) வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் மெசேஜ் போகாது. அப்போதுதான் நடந்து முடித்திருந்தாலும் போகாது.

நடந்தீர்களா என்பதை உங்களிடம் கேட்பதும் இல்லை. போனுக்குள் சீப்பின் பற்களைப் போலக் கோத்த சிலிக்கான் இழைகள் இருக்கின்றன. ஒரு வரிசை அசையாமல் நிற்கும், இன்னொன்று மெல்லிய வில்லில் தொங்கும். நீங்கள் காலை ஊன்றும்போது தொங்கும் வரிசை ஒரு நூலிழைகூட இல்லை, அதனினும் பல மடங்கு குறைவாக நகரும். பற்களுக்கு நடுவே இடைவெளி மாறினால் மின்தேக்குத்திறன் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் திறன்) மாறும் என்பது பள்ளிப் பாடம். நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை சீராக அது மாறினால், நடை. மெசேஜுக்கு அடுத்த அரை மணியில் எத்தனை அடி, மௌனத்துக்கு அடுத்த அரை மணியில் எத்தனை அடி, இரண்டையும் ஒப்பிட்டால் பதில் வந்துவிடும்.

ஹார்ட்ஸ்டெப்ஸில் வந்த பதில்: நடக்கச் சொன்ன மெசேஜ் அடிகளை 24 சதவீதம் அளவுக்குக் கூட்டியது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து சோம்பல் முறியுங்கள் என்ற வகை மெசேஜால் அடிகள் சொல்லும்படி கூடவில்லை. நாள் போகப் போக மெசேஜின் வீரியமும் குறைந்தது. அவர்கள் புற்றுநோயாளிகள் இல்லை, அதிகம் நடக்காத சாதாரண ஆட்கள். சிகிச்சையிலிருந்து மீண்டவருக்கு எந்த நேரம், எந்த வாசகம் என்பதை உங்களைப் போன்றவர்களின் போன்தான் சொல்ல வேண்டும்.

புற்றுநோயை விரட்டும் பானம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்முறைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காசு ஞாபகம் வரும். குடித்தார், குணமானார் என்பார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காக்கை உட்காராமலே விழுந்த பழங்களை எவரும் எண்ணுவதில்லை. செயலிகள் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. மச்சத்தைப் படம் எடுத்தால் தோல் புற்றுநோயா என்று சொல்கிறோம் என்ற நான்கு செயலிகளை 2013இல் சோதித்தார்கள். அதில் மூன்று, உண்மையான மெலனோமாக்களில் (கொடிய வகைத் தோல் புற்றுநோய்) 30 சதவீதமோ அதற்கு மேலோ 'கவலை இல்லை' என்று சொல்லிவிட்டன.

இந்த ஆராய்ச்சியின் பெரிய தலைவலி வேறு. ஆட்கள் நழுவிவிடுகிறார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பங்கேற்ற எட்டு செயலி ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பாதிப் பேர் ஐந்தரை நாளைத் தாண்டவில்லை. தம் மருத்துவர் சொல்லிச் சேர்ந்தவர்கள் மட்டும் பல வாரம் கூடுதலாக நின்றார்கள். செயலியை அழகாகச் செய்யப் பணம் கிடைக்கிறது. பதிலைப் படிக்கும் நர்ஸின் சம்பளத்துக்குக் கேட்டால் அது ஆராய்ச்சிச் செலவே இல்லை என்று தள்ளிவிடுகிறார்கள். பாஷ் சோதனையில் போனை எடுத்தது அந்த நர்ஸ்தான் என்பதை நிதி கொடுப்பவர்கள் ஏன் மறக்கிறார்களோ தெரியவில்லை.

நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பாருங்கள். நான் சொன்னது சரியென்றால், மெசேஜ் குலுக்கல் முறையில் வரும் என்று எங்காவது எழுதியிருக்கும். அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்!

அப்புறம், கடிதத்தின் கடைசியில் ஒன்று கேட்டிருந்தீர்கள்: மெசேஜ் வராத நாளில் நடந்தால் ஆராய்ச்சி கெட்டுவிடுமா? கெடாது. தோன்றினால் தாராளமாக நடங்கள். அந்த அடிகளும் தேவைதான். போனை மட்டும் மேசைமேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.