காற்று நடந்து வரும் நேரம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் தீயணைப்பு வீரர். இருவரும் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர்கள்; இப்போது ஊருக்குள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதியில் குடியிருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து 1991இல் வந்த ‘பேக்டிராஃப்ட்’ என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். சிகாகோ தீயணைப்புப் படையில் வேலை செய்யும் அண்ணன் தம்பியின் கதை அது. தகப்பனும் அதே வேலையில் உயிரை விட்டவர். “கதவைத் திறந்ததும் உள்ளிருந்து தீ வெடித்துப் பாய்கிறதே, அது உண்மையா? இவரைக் கேட்டால், அதெல்லாம் சினிமா என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நீங்களாவது சொல்லுங்கள் ஐயா” என்று கேட்டிருக்கிறார்.

உண்மைதான் அம்மா. அவர் ஏன் எழுந்து போனார் என்பதும் எனக்குப் புரிகிறது. அந்தப் படத்துக்குக் கதை எழுதியவரே முன்பு தீயணைப்பு வீரராக இருந்தவர். ஒன்றை மட்டும் படம் மாற்றிக் காட்டுகிறது. நடிகர்களின் முகம் தெரிய வேண்டும் என்பதால் அங்கே தீ பளிச்சென்று எரிகிறது. நிஜத்தில் எரியும் வீட்டுக்குள் நுழைகிறவருக்குத் தன் கையே தெரியாது. எல்லாம் கரும்புகை. அந்தப் புகையில்தான் விஷயமே இருக்கிறது.

எரிவதற்கு எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் மூன்றும் வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 விழுக்காடு. மூடிய அறைக்குள் அது 15 விழுக்காட்டை நெருங்கும்போது சுவாலை தள்ளாடி அடங்குகிறது. ஆனால் வெப்பம் எங்கும் போய்விடவில்லை. மெத்தையும் சோபாவின் பஞ்சும் அந்தச் சூட்டில் வெந்து, கார்பன் மோனாக்சைடு முதலான எரியக்கூடிய வாயுக்களைக் கக்கிக்கொண்டே இருக்கின்றன. விறகடுப்பில் சமைத்த நம் பாட்டிமார்களுக்கு இது தெரியும். ஈர விறகு புகைந்துகொண்டே கிடக்கும். ஊதாங்குழலை வைத்து ஓர் ஊது ஊதினால் குப்பென்று பற்றும். அப்படிப் பற்றுவது விறகல்ல, புகைதான். புகை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு எரியாமல் மிச்சமிருக்கும் எரிபொருள்.

இந்த நிலையில் வீடு மூச்சு விடத் தொடங்கும். கதவிடுக்கில் கசியும் கொஞ்சம் காற்றைப் பிடித்து உள்ளே தீ லேசாக எரியும். வாயு விரிந்து, புகை இடுக்கு வழியாக வெளியே தள்ளப்படும். கிடைத்த ஆக்சிஜன் தீர்ந்ததும் வாயு சற்றுக் குளிர்ந்து சுருங்கும். வெளிக்காற்று உள்ளே இழுபடும். புகை வெளியே வருவதும் உள்ளே போவதுமாக இருக்கும். ஜன்னல் கண்ணாடி தார் பூசியதுபோல் கறுத்திருக்கும். சுவாலை எதுவும் கண்ணில் படாது.

இப்போது ஒருவர் கதவைத் திறக்கிறார். தீ உடனே பாய்ந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்த இடைவெளியில் நடப்பதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை.

உள்ளே 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் நிற்கும் வாயுவின் அடர்த்தி, வெளிக்காற்றின் அடர்த்தியில் ஏறக்குறையப் பாதிதான். ஆகவே கதவு திறந்ததும் கனமான குளிர்காற்று தரையோடு ஒட்டி, ஒரு நாக்கைப்போல உள்ளே நீள்கிறது. லேசான சுடுபுகை அதன் தலைக்கு மேலாக வெளியேறுகிறது. அந்த நாக்கின் முனை சற்றுத் தூக்கியபடி, படமெடுத்த பாம்பைப்போல முன்னேறுகிறது. வேகம் என்ன தெரியுமா? வினாடிக்கு ஒரு மீட்டர், அல்லது அதற்குச் சற்று மேல். நாம் நடக்கிற வேகம்! நான்கு மீட்டர் அறையென்றால், காற்று பின்சுவரைத் தொடவே மூன்று நான்கு வினாடி ஆகிவிடும். தொட்டதும் கடலலைபோல் மோதித் திரும்புகிறது. போகும் வழியெல்லாம் மேலே இருக்கும் புகையோடு உரசி, சுருள் சுருளாகக் கலக்கிறது. காற்றும் எரிபொருளும் சரியான விகிதத்தில் சேர்ந்திருப்பது அந்தக் கலவைப் படலத்தில்தான்.

அந்தப் படலம் எங்கோ மூலையில் கிடக்கும் ஒரு தணலைத் தொட்டால் போதும். தீ படலத்தின் வழியே வாசலை நோக்கி ஓடி வரும். விரியும் வாயு, எரியாத புகையை முன்னால் வெளியே தள்ளும். வெளியே தாராளமாக ஆக்சிஜன் இருக்கிறது. அது அங்கே தீப்பந்தாகிறது. திறந்தவர் நிற்பது சரியாக அந்த இடத்தில். அவரைக் கொல்வது அந்தச் சில வினாடி மௌனம்தான். திறந்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை, உள்ளே போகலாம் என்று நம்ப வைத்துவிடுகிறது.

1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃப்ளைஷ்மன் என்ற ஆய்வாளர் ஒரு சிறிய அறையைக் கட்டி, மீத்தேனை எரித்து, கதவைத் திறந்து திறந்து இதை அளந்து பார்த்தார். உள்ளிருக்கும் வாயுவின் நிறையில் 10 விழுக்காட்டுக்கு மேல் எரியாத எரிபொருள் சேர்ந்திருந்தால்தான் அவருடைய அறையில் தீ அப்படிச் சீறியது. காற்றின் ஓட்டத்தை ஆராய அவர் உப்பு நீரையும் பயன்படுத்தினார் என்பதுதான் எனக்குப் பெரிய ஆனந்தம். கனமான உப்பு நீர் குளிர்காற்றுக்குப் பதில். சாதாரண நீர் சுடுபுகைக்குப் பதில். தீயைப் புரிந்துகொள்ளத் தண்ணீர்!

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது எங்கள் தோட்டத்துப் புகைவீட்டில் தீப்பிடித்தது. ரப்பர் ஷீட்டுகளை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, விறகுப் புகையில் நாள்கணக்கில் உலர்த்தும் கட்டடம். விடியற்காலையில் காவல்காரத் தாத்தா கதவு நீக்கில் புகை வந்து போவதைப் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தார். எட்டிப் பார்த்தார். திரும்பி எங்கள் அப்பாவைக் கூப்பிட வாயெடுத்தார். அப்போதுதான் அது வெடித்தது. புருவமும் முன்னந்தலை முடியும் கருகி அவர் மண்ணில் கிடந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. முனி அடித்துவிட்டது என்றார்கள். முனீஸ்வரருக்குக் கிடா வெட்டிப் பூசை போட்டார்கள். சாமி கும்பிடுவதில் எனக்கு வருத்தமில்லை, நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் பூசை முடிந்தபின், அந்தக் கதவை எப்படித் திறந்திருக்க வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதற்கு இன்றுவரை என் மனம் ஆறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரப்பருக்காக 1925லேயே மலாயாவில் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார்கள். மரத்துக்கும் பாலுக்கும் கிடைத்த அக்கறை, அந்த மரத்தைச் சீவிப் பாலெடுத்தவர்கள் படுத்துறங்கிய பலகை வீட்டுக்கும் கிடைத்திருக்க வேண்டும். நம் வீடுகள் எப்படி எரிகின்றன என்று ஆராயக் கேட்கும் பணத்தை வீண்செலவு என்று யாரும் சொல்லக் கூடாது.

ஏனென்றால் நம் வீடுகள் மாறிவிட்டன. லயத்துப் பலகைச் சுவரிலும் தகரக் கூரையிலும் ஆயிரம் இடுக்குகள். தீப்பிடித்தால் காற்று தாராளமாகக் கிடைத்து மளமளவென்று எரிந்து முடியும்; புகை தேங்க இடமில்லை. இப்போது தாமானில் கல் வீடு, குளிர்சாதனத்துக்காக இறுக அடைத்த ஜன்னல், உள்ளே பஞ்சு மெத்தை. நியூயார்க்கில் 1994 மார்ச் 28 அன்று நடந்தது இதே கதைதான். காற்றுப் புகாதபடி நன்றாக அடைத்த ஒரு வீட்டில், அடுப்பின்மேல் வைத்த குப்பைப் பையிலிருந்து தீ பிடித்து, சுமார் ஒரு மணி நேரம் மூச்சுமுட்டிக் கிடந்தது. வீரர்கள் கதவைத் திறந்ததும் தீ மாடிப்படி வழியாக மேலேறி ஆறரை நிமிடம் நின்று எரிந்தது. படியில் இருந்த மூன்று வீரர்கள் உயிரிழந்தார்கள்.

ஆகவே, உங்கள் கணவர் ஒரு வீட்டின் முன் உடனே பாயாமல் நின்றால் அது தயக்கமல்ல. கண்ணாடியைப் பார்ப்பார், இடுக்கில் புகை மூச்சு விடுகிறதா என்று பார்ப்பார். கதவுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் மண்டியிடுவார். முடிந்தால் முதலில் கூரைப்பக்கம் வழி திறந்து சுடுபுகையை மேலே போக விடுவார்கள். கதவைச் சற்றே திறந்து, நீரைத் தூவி உள்ளே குளிரவைத்துவிட்டு மறுபடி மூடுவார்கள். வாசலில் அழுதுகொண்டு நிற்கும் குடும்பத்துக்கு அந்த நேரம் ஒரு யுகம். அவருக்கும் அப்படித்தான்.

பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சின்ன மீன் தொட்டி போதும். நடுவில் ஓர் அட்டையை இறுக்கமாகச் செருகுங்கள். ஒரு பக்கம் வெறும் தண்ணீர். மறுபக்கம் அதே உயரத்துக்கு, நான்கைந்து கரண்டி உப்பும் கொஞ்சம் ரோஸ் சிரப்பும் கலந்த தண்ணீர். அட்டையை நேராக மேலே உருவுங்கள். சிவப்பு நாக்கு தலையைத் தூக்கிக்கொண்டு தரையோடு ஓடும். அது எதிர்ச் சுவரைத் தொடும்வரை பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். அவர் வேலை முடிந்து வந்ததும் இன்னொரு முறை செய்து, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை எண்ணினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.