போக 60 நிமிடம், வர 40 நிமிடம்

வாசகர் ஒருவரின் கேள்வி: "இரண்டு சிறிய விமான நிலையங்கள். நடுவே 400 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்கிறது. 48 நிமிடத்தில் போய்விட வேண்டாமா? டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று இருக்கிறது. திரும்பி வரும்போது வேறு நேரம். பூமி சுழல்வதால் இப்படியா?"

பூமியை விட்டுவிடுங்கள். காற்றுமண்டலமும் அதோடு சேர்ந்தே சுழல்கிறது. இல்லையென்றால் நிலநடுக்கோட்டில் நிற்பவர் முகத்தில் மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் காற்று அறையும்.

டிக்கெட்டில் போடும் நேரத்தில் பறப்பது மட்டும் இல்லை. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும் வரை எல்லாமே கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, காற்றை எதிர்த்து இறங்குவதற்காக ஒரு சுற்று சுற்றி வருவது, எல்லாம் அதில் அடக்கம்.

சரி, போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஏன்? அதற்குக் காரணம் காற்று. அந்த 500 என்பது தரையை வைத்துச் சொன்ன வேகம் அல்ல, சுற்றியுள்ள காற்றை வைத்துச் சொன்னது. ஆற்றில் ஓடும் படகு மாதிரி. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று எதிரே வீசினால் தரைமேல் வேகம் 400. பயணம் 60 நிமிடம். அதே காற்று முதுகில் தள்ளினால் 600, 40 நிமிடம்.

போகும்போது விட்டதை வரும்போது பிடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். கூட்டிப் பாருங்கள்: 100 நிமிடம். காற்றே இல்லாத நாளில் 96. அந்த 4 நிமிடம் எங்கே போனது?

எதிர்காற்றில் 60 நிமிடம் இருந்தோம். அது நம்மை 100 கிலோமீட்டர் பின்னுக்குத் தள்ளியது. பின்காற்றில் இருந்தது 40 நிமிடம்தான். அது முன்னே தள்ளியது 67 கிலோமீட்டர். உதவி செய்யும் காற்று சீக்கிரம் கரை சேர்த்துவிடுவதாலேயே அதன் உதவியும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது! பக்கவாட்டில் வீசினாலும் தப்பிக்க முடியாது. மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிக்கொண்டே பறக்க வேண்டும். தரைமேல் வேகம் 490 ஆகிவிடும். போய்வர 98 நிமிடம். சீராக வீசும் காற்று எந்தத் திசையில் இருந்தாலும், போய்வரும் பயணத்துக்கு நஷ்டம்தான்.

1887இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மைக்கேல்சனும் மார்லியும் நம்பியது இந்த 100க்கும் 98க்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். விமானத்துக்குப் பதில் ஒளி. காற்றுக்குப் பதில் 'ஈதர்': ஒளி பரவுவதற்காக வெளியெங்கும் நிரம்பியிருப்பதாக அன்று நம்பிய ஊடகம். பூமி அதற்குள் நகர்வதால் அது காற்றுபோல எதிரே வீச வேண்டும் என்பது கணக்கு. ஒளியைச் செங்குத்தான இரு திசைகளில் அனுப்பித் திரும்ப வரவைத்தார்கள். எதிர்பார்த்த வித்தியாசம் வரவேயில்லை. ஈதர் என்ற எண்ணமே ஆட்டம் கண்டது. 'இதனால் என்ன பயன்?' என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் இன்றைய ஆராய்ச்சி நிதி விண்ணப்பத்தில் அவர்கள் என்ன எழுதியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அப்புறம், காற்று குறைந்த உயரத்துக்குப் போய்விடலாமே என்று கேட்பீர்கள். நீண்ட பயணங்களில் அப்படிச் செய்வதுண்டு. இங்கே இடம் போதாது. 1,000 அடி இறங்க சுமார் 3 கடல் மைல் (ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர்) வேண்டும் என்பது விமானிகளின் மனக்கணக்கு. 18,000 அடியில் பறந்தால் 100 கிலோமீட்டர் இருக்கும்போதே இறங்கத் தொடங்கியாக வேண்டும். ஏறுவதற்கும் தூரம் கொடுத்தது போக நடுவில் மிஞ்சுவது கொஞ்சம்தான். நல்ல காற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இருக்கைப் பட்டையைப் போடச் சொல்லி விளக்கு எரிந்துவிடும்.