டெங்கு வந்த கொசு ஏன் சாவதில்லை?

விழிப்புணர்வுக் கூட்டங்களில் பேசி முடித்ததும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "மனிதனையே படுக்க வைக்கும் வைரஸ், அவ்வளவு சின்னக் கொசுவை ஏன் கொல்வதில்லை?" நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை நாங்கள் ஆய்வகத்தில் வாரந்தோறும் கண்ணால் பார்க்கிறோம்.

டெங்கு வைரஸை 37 டிகிரியில் வளரும் குரங்குச் சிறுநீரக செல்களில் விட்டால், சில நாட்களில் அவை சுருங்கி, பிளாஸ்க்கின் அடியிலிருந்து கழன்று மிதக்கத் தொடங்கிவிடும். அதே வைரஸை 28 டிகிரியில் வளரும் கொசு செல்களில் விட்டால் நடப்பது வேறு. முதல் சில நாட்களில் சில செல்கள் ஒன்றோடொன்று இணைந்து ஊதிப்போனாலும், எஞ்சியவை பெருகி அடித்தளத்தை மறுபடியும் நிரப்பிவிடுகின்றன. வளர்ப்புத் திரவத்தை மாற்றிக்கொண்டே வந்தால் மாதக்கணக்கில் செல்லும் உயிரோடிருக்கும், வைரஸும் உள்ளேயே இருக்கும். உலகெங்கும் இதற்குப் பயன்படும் சி6/36 என்ற கொசு செல் வகைக்கு மூலமாக இருந்தவை, 1967-இல் கே.ஆர்.பி. சிங் புனேயில், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் இனங்களில் ஒன்றான ஏடிஸ் அல்போபிக்டஸின் கொசுப்புழுக்களிலிருந்து உருவாக்கிய செல்கள்தாம்.

கொசுவின் செல் வைரஸை முற்றிலும் அழிப்பதுமில்லை, கட்டின்றிப் பெருக விடுவதுமில்லை. டெங்கு வைரஸின் மரபுத் தகவல் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறில் இருக்கிறது. வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கும்போது உருவாகும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை டைசர்-2 என்ற நொதி 21 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்குகிறது. அத்துண்டுகளையே அடையாளமாகக் கொண்டு, அதே வரிசையுள்ள வைரஸ் ஆர்.என்.ஏ.வை மற்றொரு புரதம் தேடி வெட்டுகிறது. சி6/36 செல்களில் இந்த டைசர்-2 பழுதுபட்டிருப்பதால்தான் அவற்றில் வைரஸ் அவ்வளவு செழிப்பாக வளர்கிறது. இது மட்டுமல்ல, வைரஸ் ஆர்.என்.ஏ.வின் சில பகுதிகளைக் கொசு டி.என்.ஏ.வாகவும் படியெடுத்து வைத்துக்கொள்கிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தப் படியெடுப்பை மருந்தால் தடுத்தபோது, வைரஸ் தொற்றிய கொசுக்களால் அதைத் தாங்க முடியாமல் அவை இறந்தன. கொசுவை வாழவைப்பது இந்தக் கட்டுப்பாடே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதன் விளைவை நாம்தான் சுமக்கிறோம். இரத்தத்தோடு குடலுக்குள் போன வைரஸ் உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட, 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில் சுமார் 8 முதல் 12 நாட்கள் ஆகும். அதற்குப் பின் அக்கொசு சாகும் வரை, கடிக்கும் ஒவ்வொருவருக்கும் வைரஸைக் கடத்தும் ஆற்றலோடு திரிகிறது. ஏடிஸ் கொசு பெரும்பாலும் ஒரே ஆளிடம் வயிறு நிறையக் குடிப்பதில்லை, பலரைக் கடிக்கிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஆகவேதான் காய்ச்சலில் இருப்பவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள் என்று விடாமல் சொல்கிறோம். காய்ச்சல் தொடங்குவதற்கு 2 நாள் முன்பிருந்து அது விட்டு 2 நாள் வரைக்கும் அவர் இரத்தத்திலிருந்து கொசுவுக்கு வைரஸ் போகலாம். வலை அவருடைய காய்ச்சலைக் குறைக்காது. அவரைக் கடிக்க வரும் கொசு வைரஸ் இல்லாமலே திரும்பிப் போகும்.