'கேட்' என்றால் பூனையா, வாசற்கதவா?

பயிற்சி ஆசிரியர்களின் பாடக்குறிப்பேடுகளைத் திருத்தும் பருவம் வந்தால் சிவப்பு மைக்குத்தான் கேடு. இந்த முறையும் நோட்டுக்கு நோட்டு அதே கதை: மேலே ஆங்கிலச் சொல், அடியில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. அதையே கரும்பலகையிலும் எழுதுகிறார்கள்.

"பிள்ளை வாசிச்சிடுதே மேடம்" என்பது வழக்கமான சமாதானம். வாசிக்கிறது, ஆமாம். தமிழை! கண் தெரிந்த எழுத்துக்குத்தான் ஓடும். தமிழுக்கோ ஒரே 'க', ஒரே 'ப', ஒரே 'ட'. 'பின்' என்று எழுதினால் குண்டூசியா, குப்பைத்தொட்டியா? 'கோட்' மேல்சட்டையா, வெள்ளாடா? தமிழ் வரியை அழித்துவிட்டுப் படிக்கச் சொல்லிப் பாருங்கள், சாயம் வெளுத்துவிடும். பொருளைத் தமிழில் சொல்வது வேறு. அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

பிறகு எப்படி? ஆங்கில எழுத்துகளின் ஒலிகளைக் கூட்டி வாசிக்கப் பழக்குங்கள். அதற்கு ஏ முதல் இசட் வரை வரிசையாகத்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறும் முதலில் வந்தாலே மூன்றெழுத்துச் சொற்கள் நிறையக் கிடைக்கும். (பாருங்கள், நானே மாட்டிக்கொண்டேன். இங்கே 'டி' இருபதாவது எழுத்து, நான்காவது அல்ல; 'பி' பதினாறாவது, இரண்டாவது அல்ல.)

எழுத்தின் பெயரை அல்ல, ஒலியைச் சொல்லுங்கள். 'ஸ்ஸ்ஸ்', 'ன்ன்ன்' என்று இழுக்கலாம். 'ப்', 'ட்' சட்டென்று நிற்க வேண்டும். 'பு', 'டு' என்று வால் முளைத்தால் ஒலிகளைக் கூட்டும்போது சொல் வராது. 'லைட்டு', 'புக்கு' என்று பழகிய நாக்கு நம்முடையது. காலையில் 'ப் + அ = ப' நடத்துகிறவர் மதியம் புள்ளியை மறக்கலாமா?

வாய்க்கு முன் மிக அருகில் மெல்லிய தாளைப் பிடித்து, அந்த இரண்டு 'பின்'னையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். குண்டூசிக்குத் தாள் துடிக்கும். குப்பைத்தொட்டிக்கு அநேகமாக அசையாது. வீட்டில் பழகிவிட்டு வகுப்புக்குப் போங்கள்.

கூட்டுக் குரலை நம்பாதீர்கள். நாலு பேர் கத்துவார்கள், மற்றவர்கள் வாயசைப்பார்கள். நாளுக்கு ஐந்து பேரைத் தனியாகக் கேட்டால் முப்பது பேர் ஆறு நாளில் முடியும். 'எண்ணும் எழுத்தும்' (தமிழக அரசின் தொடக்கப்பள்ளித் திட்டம்) வகுப்பானால் அரும்பு நிலைப் பிள்ளைகளிடம், அதாவது முதல் படியில் இருப்பவர்களிடம், தொடங்குங்கள்.

'வாஸ்' (இருந்தது), 'செட்' (சொன்னார்) போன்றவை ஒலி கூட்டினால் வராது. அட்டையில் எழுதி முழுச்சொல்லாக, வாரத்துக்கு இரண்டு போதும்.

சீனியர் அக்காவின் பழைய நோட்டைப் பார்த்து எழுதுகிறீர்கள், தெரியும். அந்தத் தமிழ் வரிகளை மட்டுமாவது விட்டுவிட்டு எழுதுங்களேன்.