உங்கள் நிறத்தைச் சொல்லிக் கேளுங்கள்

போன வாரம் டிக்கோயாப் பக்கமிருந்து ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு ஹட்டனில் உள்ள என் அழகுநிலையத்துக்கு வந்தார். கலியாணத்துக்குப் பத்தொன்பது நாள்தான் இருந்தது. பிள்ளை சால்வையால் முகத்தை மூடியிருந்தாள். விலக்கிப் பார்த்தேன். இரண்டு கன்னமும் வெந்ததுபோலச் சிவந்திருந்தன. தோலுக்கு அடியில் இரத்த நாளங்கள் நூல் நூலாகத் தெரிந்தன. தாடையெங்கும் பரு. மூன்று மாதமாக ஏதோ ஒரு கிரீம் பூசியிருக்கிறாள். முதல் இரண்டு வாரம் முகம் பளபளத்ததாம், இப்போது ஒரு நாள் நிறுத்தினாலும் எரிகிறதாம். "டப்பா எங்கே?" என்று கேட்டேன். "அடுத்த லயத்துக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்று தண்ணீர்க் கானுக்குள் வீசிவிட்டேன் மிஸ்" என்றார் தாய்.

இந்த வருடத்தில் இப்படி வந்த நான்காவது பெண் இவள். இனியும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பதினேழு வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். என்னிடம் அதிகம் கேட்கப்படுவது, குறைந்த விலையில் நல்ல மேக்கப் சாமான் எது என்பதுதான். நியாயமான கேள்வி. தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024இல் வர்த்தமானியில் வந்ததற்கே எத்தனை வருடம் போராட வேண்டியிருந்தது! அந்தக் கணக்கில் வாழும் வீட்டில், முகத்தில் தோல் நிறத்துக்குப் பூசும் ஒரு பவுண்டேஷன் போத்தல் சின்னச் செலவல்ல. மலிவான சாமான்களிலும் நல்லவை இருக்கின்றன. என் பெட்டியில் பாதி அவைதான். விலை குறைவு என்பதற்காக நான் யாரையும் கடிந்துகொண்டதில்லை.

ஆனால் கடைப் படியேறியதும் கேள்வி மாறிவிடுகிறது. "நல்லது கொடுங்கள்" என்று கேட்க வந்தவர்கள் "வெள்ளையாகக் காட்டுகிறது கொடுங்கள்" என்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

பவுண்டேஷனில் நிறம் எப்படி வருகிறது என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். டைட்டானியம் டையொக்சைட் என்ற வெள்ளைத் தூள், அதனுடன் மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஒக்சைட்டுகள். பெரும்பாலும் இந்த நான்கின் அளவு மாறுவதுதான் நிறம். ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் வெளிர் நிறப் போத்தலில் வெள்ளைத் தூள் கூட இருக்கும், மாநிறப் போத்தலில் மஞ்சளும் சிவப்பும் கூட இருக்கும். மற்றப்படி எண்ணெயும் நீரும் மெழுகும் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். வெளிர் நிறம் உயர்ந்த சரக்கு, கறுப்புக்கு நெருங்கியது மட்டமான சரக்கு என்ற எண்ணத்துக்கு அந்தப் போத்தலுக்குள் எந்த ஆதாரமும் இல்லை. கூட இருக்கும் அந்த வெள்ளைத் தூளை மாநிறத் தோலில் பூசினால் தோல் வெளுப்பதில்லை, சாம்பல் பூசியதுபோல ஆகிவிடுகிறது. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். அதன்மேல் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால் வெள்ளைத் தூள் அதைத் திருப்பி அடிக்கும். அல்பத்தைத் திறந்து பார்த்து "முகம் மாவில் தோய்த்த மாதிரி இருக்கிறதே" என்று பெண்கள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் அந்த நிறத்தைத்தான் போட வேண்டும் என்று என் கையைப் பிடித்து வற்புறுத்தியவர்கள் அந்தப் பெண்களின் பெரியம்மாக்களும் மாமிமாரும்தான்.

டவுன் பேன்சிக் கடைக்காரரைக் கேட்டேன், ஏன் இரண்டு வெளிர் நிறம் மட்டும் அடுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று. "மற்றதை யாரும் கேட்பதில்லை" என்றார். கேளுங்கள். மலையகத்துப் பெண்கள் நூறு பேர் போய்த் தங்கள் நிறத்தைச் சொல்லிக் கேட்டால் அடுத்த மாதம் அவர் கொழும்பிலிருந்து எடுத்து வருவார். மலிவான நல்ல சாமான் நம் ஊருக்கு வர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வாங்கும்போது கையின் மேல்புறத்தில் தேய்த்துப் பார்க்காதீர்கள். கை வேறு, முகம் வேறு. தாடை ஓரத்திலிருந்து கழுத்து வரை ஒரு கோடு இழுத்து, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். பத்து நிமிடம் பொறுங்கள், சில வகைகள் தோலின் எண்ணெயோடு சேர்ந்து கறுக்கும். அதற்குப் பிறகும் கோடு தெரியாமல் மறைந்தால் அதுதான் உங்கள் நிறம்.

இனி அந்த கிரீம். வெள்ளையாக்கும் ஆசை பவுண்டேஷனோடு நின்றிருந்தால் கழுவிவிட்டுப் போகலாம். கிரீமில் அப்படி முடியாது. விரைவில் நிறம் மாற்றும் கிரீம்கள் பலவற்றில் இரண்டில் ஒன்றைக் கலக்கிறார்கள். ஒன்று பாதரசம், மற்றது ஸ்டீரொய்ட். குளோபெட்டசோல், பீட்டாமெதசோன் போன்ற ஸ்டீரொய்ட்கள் டாக்டர் சொல்லிக் குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் பூச வேண்டிய மருந்து. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், பரு வரும், முடி வளரும், நிறுத்தினால் தீயாக எரியும். டிக்கோயாப் பிள்ளையின் முகத்தில் நான் பார்த்தது அப்படியே இதுதான்.

பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஜப்பானின் மினமாட்டா நகரின் பெயரில் 2013இல் நாடுகள் பாதரசத்தைக் கட்டுப்படுத்த ஓர் ஒப்பந்தம் செய்தன. இலங்கையும் 2017இல் அதில் சேர்ந்தது. அழகுப் பொருளில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் கூடாது என்று தொடங்கி, 2025க்குப் பிறகு சேர்க்கவே கூடாது என்று 2023இல் முடிவெடுத்தார்கள். ஒப்பந்தம் இருந்தும் முகவரியில்லாத டப்பாக்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. தாய்மாரே, இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாதரசம் பூசியவரின் தோலோடு மட்டும் நிற்பதில்லை. கை வழியாக, துவாய் வழியாக, ஆவியாகவும் பரவும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லய அறையில், ஒரே பாயில் கைக்குழந்தையும் படுக்கிறது.

ஆகவே பெயர், முகவரி, தொகுதி எண், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உட்பொருள் பட்டியல், வெளிநாட்டுச் சாமானானால் இறக்குமதியாளர் பெயர், அதிகபட்ச சில்லறை விலை, இவற்றில் ஒன்று குறைந்தாலும் தொடாதீர்கள். பெரிய கம்பெனிப் பெயர் எழுத்துப் பிழையோடு அச்சாகியிருந்தால் அது போலி, கால் விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். கடைக்காரர் தானே கலந்து கரண்டியால் நிரப்பித் தருவதை ஏன் வாங்குகிறீர்கள்? வீட்டில் சாப்பாட்டுச் சாமான் அப்படி வாங்குவீர்களா? முறைப்பாடு செய்ய நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது. பயப்படாமல் அழையுங்கள்.

நம் மலைக்கென்று இன்னும் சில. இங்கே வெயில் இல்லை, சன்ஸ்கிரீன் எதற்கு என்கிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது. மெல்லிய மேகமும் அதைத் தடுக்காது. கொழுந்து மலையில் நாள் முழுக்க நிற்பவர்களின் கன்னத்தில் மங்கு விழ இதுவும் ஒரு காரணம். வெள்ளையாக்கும் கிரீமுக்குக் கொடுக்கும் காசைச் சன்ஸ்கிரீனுக்குக் கொடுங்கள். மழை மாதங்களில் ஸ்பொஞ்ச் காயாது, உள்ளே பூஞ்சை பிடிக்கும். விரலால் பூசினாலும் அழகாகவே வரும், கையைக் கழுவிக்கொண்டால் போதும். தை மாதக் காற்றில் உலர்ந்த வகை லிப்ஸ்டிக் உதட்டை வெடிக்க வைக்கும், முதலில் பெட்ரோலியம் ஜெலி தடவுங்கள். கண்மையை அக்கா தங்கை பங்குபோட வேண்டாம். ஒருவருக்குக் கண்நோய் வந்தால் வீடு முழுக்க வரும்.

டிக்கோயாப் பிள்ளையின் முகத்தில் நான் எதையும் பூசவில்லை. ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்கு அனுப்பினேன். டாக்டர் முதலில் கேட்டது அந்த டப்பாவைத்தான். அது கானோடு போய்விட்டது. எதைப் பூசினாள் என்று தெரியாமலே அவர் வைத்தியம் தொடங்க வேண்டியிருந்தது. ஆகையால் இப்போது இப்படி ஒன்றைப் பூசிக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்பட்டு அதை வீசிவிடாதீர்கள். ஒரு பையில் இறுகக் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாதக்கணக்கில் பூசியவர்கள் எப்படி நிறுத்துவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். யாரும் உங்களைத் திட்டப் போவதில்லை. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை என் கடை பூட்டு, நான் கூட வருகிறேன்.