பல் டாக்டரிடம் கேட்க வேண்டிய எண்

பல் கிளினிக்கில் நம்மைக் கூப்பிடும் வரை உட்கார்ந்திருப்போம் இல்லையா, அப்போது சுவரைக் கொஞ்சம் கவனியுங்கள். அங்கே எங்காவது அந்த மருத்துவரின் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும். பல் மருத்துவர்களுக்கான 2014ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. சுவரில் மட்டும் இருந்தால் போதாது. மருந்துச்சீட்டு, சான்றிதழ், பணம் வாங்கியதற்கான ரசீது என்று எல்லாவற்றிலும் அந்த எண் வர வேண்டும். ஆனால் அதைக் கேட்கும் நோயாளிகள் மிகவும் குறைவு. வலிக்குமா, எவ்வளவு ஆகும், எத்தனை தடவை வர வேண்டும் என்றெல்லாம் கேட்கிறார்கள். எண்ணைக் கேட்டால் டாக்டர் தப்பாக நினைப்பாரோ என்று தயங்குகிறார்கள். முறையாகப் பதிந்த எந்த மருத்துவரும் அதற்காகக் கோபப்படக் கூடாது.

அந்த எண் எப்படிக் கிடைக்கிறது? பிளஸ் டூ, நீட், பிறகு நான்கு வருட பி.டி.எஸ். என்னும் பல் மருத்துவப் பட்டப்படிப்பு. இவ்வளவு முடித்தாலும் தனியாக ஒரு பல்லைத் தொட உரிமை வந்துவிடாது. அடுத்து ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். பல் எடுக்கும் பிரிவு, ஈறு சிகிச்சை, பல் செட், வேர் சிகிச்சை, குழந்தைகள் பிரிவு, கிளிப் போடும் பிரிவு என்று ஒவ்வொரு துறையாக மாறி மாறி வேலை பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு சீனியர் நிற்க, நடுங்கும் கையோடு முதல் கடைவாய்ப் பல்லை எடுப்பதெல்லாம் இந்தக் காலத்தில்தான். ரத்தம் நிற்காமல் போனால் என்ன செய்வது, நாற்காலியிலேயே நோயாளி மயங்கினால் என்ன செய்வது என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு. ஒரு சர்க்கரை நோயாளி வியர்த்துப்போய்ச் சரியும்போது நேரில் நின்று கற்றுக்கொள்வது வேறு. இந்த ஒரு வருடத்தை ஒப்புக்குக் கழித்துவிட்டு மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு மட்டும் படிக்கும் மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இன்டர்ன்ஷிப் முடித்த சான்றும் பல்கலைக்கழகத்தின் பட்டச் சான்றும் கையில் வந்த பிறகு, கட்டணம் கட்டி மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும். நம் ஊரில் அது தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில். சான்றுகளைச் சரிபார்த்து, பதிவேட்டில் பெயரை ஏற்றி, எண் கொடுப்பார்கள். அந்த நாளிலிருந்துதான் ஒருவர் சட்டப்படி பல் மருத்துவர்.

இந்த ஏற்பாட்டுக்கு அடித்தளம் போட்டது 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர்கள் சட்டம். அதற்கு முன்பே, 1939இல், வங்காளத்தில் இப்படி ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் நின்றவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. 1920இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியவரும் அவரே. 1948 சட்டம் வந்தபோது நாட்டில் படித்த பல் மருத்துவர்கள் சொற்பம். அதனால் பதிவேட்டை 'அ', 'ஆ' என இரண்டு பகுதிகளாகப் பிரித்தார்கள். பட்டம் பெற்றவர்கள் முதல் பகுதியில். பட்டம் இல்லாமலே பல ஆண்டுகளாக இந்தத் தொழிலால் பிழைத்துவந்தவர்களுக்கு இரண்டாம் பகுதி. அன்றைக்கு அது நியாயமான ஏற்பாடு. ஆனால் "எங்க தாத்தா காலத்திலிருந்து பல் கட்டுகிறோம்" என்று இன்றைக்கு ஒருவர் சொன்னால், தாத்தாவின் பெயர் பதிவேட்டில் இருந்திருக்கலாம். பேரனுக்கு அது சொத்தாக வராது.

எண் இல்லாதவர்களிடம் போனால் என்ன ஆகும் என்பதை மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன். ஐம்பது வயது கடந்த ஒரு அம்மா, பூக்கட்டி விற்பவர், ஈறில் ரத்தமும் வாய் நாற்றமும் தாங்க முடியாமல் வந்தார். முன்பல் இரண்டு விழுந்த இடத்தில் யாரோ 'ஃபிக்ஸட் பல்' வைத்திருந்தார்கள். இரண்டு செயற்கைப் பற்களைக் கம்பியால் பக்கத்துப் பற்களோடு பிணைத்து, அதன்மேல் தானாக இறுகும் அக்ரிலிக் மாவைக் குழைத்து அப்பியிருந்தார்கள். வாய்க்குள்ளேயே இறுகி, ஈறையும் நல்ல பற்களையும் சேர்த்து ஒரே ரோஸ் நிறக் கட்டியாகியிருந்தது. கழற்றவும் முடியாது, சுத்தம் செய்யவும் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எடுத்தேன். அடியில் ஈறு சதையாகத் தொங்கியது. இரண்டு பக்கமும் இருந்த நல்ல பற்கள் ஆடின, அவற்றையும் எடுக்க வேண்டியதாயிற்று. "போர்டுல பல்லு படம் போட்டிருந்துச்சே சார், அரை மணி நேரத்துல கட்டிக் குடுத்துட்டாங்க" என்றார். அவர்மேல் என்ன தப்பு இருக்கிறது? பல் படம் போட்ட போர்டுக்கும் பதிவு எண் உள்ள போர்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

பல் செட் செய்யும் டெக்னீஷியன்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. டென்டல் மெக்கானிக் என்பது அதே சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்படும், மதிப்புக்குரிய தொழில். மருத்துவர் அளவெடுத்து அனுப்பினால் அவர்கள் செய்துதரும் வேலையின் நேர்த்தியில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்களில் ஒருவர் நோயாளியின் வாயில் தானே கைவைத்து வைத்தியம் பார்க்கத் தொடங்கும்போதுதான் ஆபத்து வருகிறது.

1948 சட்டத்தின் 49ஆம் பிரிவு பதியாதவர்கள் பல் வைத்தியம் செய்வதைத் தடை செய்கிறது. ஒரு விதிவிலக்கும் தருகிறது. அவசரம், பதிவு பெற்ற பல் மருத்துவர் கிடைக்கவில்லை என்றால் யாரும் ஒரு பல்லை எடுத்துவிடலாம், ஆனால் மரத்துப்போகும் ஊசி போடாமல்தான் எடுக்க வேண்டும். சாலை வசதியில்லாத 1948ஆம் ஆண்டுக் கிராமத்தை மனதில் வைத்து எழுதிய வரி அது. தண்டனையும் அந்தக் காலத்துக் கணக்குதான். முதல் தடவை 500 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு பல் செட்டுக்கு வாங்கும் பணத்தைவிடக் குறைந்த அபராதத்துக்கு யார் பயப்படுவார்கள்?

இளம் மருத்துவர்களுக்கும் சில வார்த்தைகள். ரிசல்ட் வந்துவிட்டது, பதிவு எண் இன்னும் வரவில்லை, அதற்குள் தெரிந்த சீனியர் ஒருவர் "சாயங்காலம் மட்டும் வந்து பார்த்துக்கொள்" என்று கூப்பிடுவார். போகாதீர்கள். அங்கே ஏதாவது விபரீதம் நடந்தால் உங்கள் பக்கம் நிற்கச் சட்டத்தில் இடமில்லை. பதியாதவரை உதவி மருத்துவராக வைத்துக்கொள்வது அந்த சீனியருக்கும் நெறிமுறை மீறல்தான். வெளிநாட்டில் படித்துவிட்டு வருபவர்கள் தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் தகுதித் தேர்வில் தேறிய பிறகே பதிய முடியும். கர்நாடகத்தில் பதிந்தவர் சென்னையில் கிளினிக் திறந்தால், பெயரை அந்த மாநிலப் பதிவேட்டிலிருந்து இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு 1948 சட்டத்தின் 46ஏ பிரிவில் வழி இருக்கிறது. பதிவைப் புதுப்பிக்கவும் மறந்துவிடாதீர்கள். கல்யாணம், குழந்தை, வெளியூர் என்று இடைவெளி விடும் பெண் மருத்துவர்களுக்கு இது அடிக்கடி விட்டுப்போகிறது.

பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ். முடித்தால் அந்தத் தகுதியையும் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். கிளிப் போடுவதில் ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டில் போட்டிருந்தால், அந்தத் துறையில் எம்.டி.எஸ். பதிவு இருக்கிறதா என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. பி.டி.எஸ். படித்தவர் கிளிப் போடக் கூடாது என்பதில்லை, படிக்காத பட்டத்தைப் போட்டுக்கொள்ளத்தான் கூடாது. அப்புறம், மருத்துவரின் பதிவு வேறு, கிளினிக்கின் பதிவு வேறு. தமிழ்நாட்டில் கிளினிக்குகள் 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் தனியாகப் பதிய வேண்டும். எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு வேண்டும்.

1948 சட்டத்தின் இடத்தில் வருவதற்காக, தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றியது. அது சொல்லும் தேர்வு நடைமுறைக்கு வந்தால், பல் மருத்துவம் பார்க்க உரிமம் பெற, படிப்பை முடிக்கும்போது நாடு முழுமைக்கும் பொதுவான ஒரு வெளியேறும் தேர்வை எழுத வேண்டும். கல்லூரிக்குக் கல்லூரி தரம் ஏறி இறங்கும் நாட்டில் இப்படி ஒரு பொது அளவுகோல் தேவை என்பது என் கருத்து. ஆனால் கையின் பக்குவத்தைக் கேள்வித்தாளால் மட்டும் அளந்துவிட முடியாது. அதற்கு அந்த ஒரு வருட இன்டர்ன்ஷிப் ஒழுங்காக நடந்தால்தான் உண்டு.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? எண்ணைக் குறித்துக்கொண்டு கவுன்சிலில் விசாரியுங்கள். பதிவு பெற்றவர் தவறு செய்திருந்தால் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். விசாரித்து, தேவைப்பட்டால் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. பதிவே இல்லாதவர் என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் போலீஸிலும் சொல்லுங்கள். எங்கே போனாலும் முதலில் கேட்பது கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்றுதான். அதனால் ரசீது, மருந்துச்சீட்டு, எக்ஸ்ரே மூன்றையும் சிகிச்சை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாயில் வைத்துத் தந்ததை வேறு மருத்துவர் கழற்றி எடுத்திருந்தால் அதையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருங்கள்.